நீள நூல் இருந்த பக்கம்

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் கத்தி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். யாரையும் அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. தரைத்தளத்தின் கடைசி அறையில் ஒரு உறைபெட்டி இருந்தது. அறுவை அரங்கிலிருந்து வரும் சதைத் துண்டுகளை அதற்குள் வைத்து உறையச் செய்து, அதிலிருக்கும் கத்தியில் வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. பதினெட்டு வருடமாக அதைச் செய்கிறாள். ஒவ்வொரு துண்டையும் கையில் எடுக்கும்போது, 'ஆண்டவனே, இது யாரோட முகமோ, நீதான் பாத்துக்கணும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். சத்தமாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

அன்று காலை முதலில் வந்தது ஒரு நில அளவையாளரின் கன்னம். முப்பது வருடம் வெட்டவெளியில் நின்று ஊரார் நிலத்தை அளந்தவர். அந்த நேரத்தில் வெயில் அவர் முகத்திலேயே ஒரு மூலையை வளைத்துப் போட்டுக்கொண்டது. இடது கண்ணுக்குக் கீழே ஒரு புண், இரண்டு வருடமாக ஆறாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி, கடைசியில் தோல் புற்றுநோய் என்று தெரிந்தது.

இதற்கான சிகிச்சை எளிதுதான், ஆனால் பொறுமை வேண்டும். கன்னத்தை மரத்துப்போகச் செய்து, புண்ணை ஒரு பெரிய நாணயம் அளவுக்கு வெட்டி எடுப்பார்கள். துண்டு கீழே வரும். நோயாளி கட்டுப் போட்டுக்கொண்டு அரங்கை ஒட்டிய சிறிய அறையில் காத்திருப்பார். துண்டின் விளிம்பு எங்கேயாவது நோயைத் தொடுகிறதா என்று கீழே பார்த்துச் சொல்ல வேண்டும். தொட்டால், அந்தப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெட்டுவார்கள். எல்லாப் பக்கமும் சுத்தமானால்தான் பக்கத்துத் தோலை நகர்த்தி வந்து பள்ளத்தை மூடித் தைப்பார்கள்.

ஆகவே எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்டி எடுத்த பிறகு ஒரு துண்டுத் தோலுக்குத் தலை எது, கால் எது? அதற்காகத்தான், துண்டை எடுக்கும் முன்பே நெற்றியைப் பார்த்த விளிம்பில் ஒரு நீள நூலைத் தைத்துவிடுவார்கள். எத்தனையோ வருடப் பழக்கம். நீள நூல் இருக்கும் விளிம்பில் கத்தி அக்கா நீல மை தடவுவாள். எதிர் விளிம்பில் கறுப்பு. இடம் பச்சை, வலம் சிவப்பு.

நோயியல் மருத்துவரான டாக்டரம்மா தகடுகளைப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னதைக் கத்தி அக்காவும் கேட்டாள். "மேல் விளிம்புல நோய் இருக்கு சார். மத்த மூணு பக்கமும் சுத்தம்." மறுமுனையிலிருந்து தலைமை அறுவை மருத்துவரான பெரியவரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவர் போனில் பேசினால் அப்படித்தான். "இமைப் பக்கமா? அய்யோ பாவம். சரி, இமையைச் சேர்த்து எடுத்துடலாம். இந்தக் கேஸ் முடிஞ்சதும் வரேன், ஒரு இருபது நிமிஷம்."

கீழ் இமையை எடுப்பதென்றால் என்னவென்று கத்தி அக்காவுக்குத் தெரியும். மேல் இமையின் உள்புறத்திலிருந்து ஒரு பட்டையை இறக்கிக் கீழே தைப்பார்கள். அது ஒட்டிப் பிடிக்கும்வரை, வாரக்கணக்கில், அந்தக் கண் மூடியே கிடக்கும். அப்புறம் பிரித்துவிட்டாலும் கடவுள் கொடுத்த இமை மாதிரி வராது. சிலருக்குக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். அந்த மனிதர் கண்ணை இடுக்கித் தூரம் பார்த்துப் பிழைப்பவர்.

தகடுகளைப் பெட்டியில் அடுக்குமுன் அவள் ஒரு தடவை தானும் நுண்ணோக்கியில் பார்த்துக்கொள்வாள். பார்க்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை. பார்க்கக் கூடாது என்றும் யாரும் சொல்லாததால் பார்ப்பாள். அன்று நீல மை விளிம்பைப் பார்த்தவள் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நீலக் கரையை ஒட்டிக் கட்டை கட்டையாக முடி வேர்கள். வேலியில் நட்ட கம்பு மாதிரி நிற்கின்றன. தாடி முடி. எதிர்ப்பக்கத்துக் கறுப்பு மையைப் பார்த்தாள். அங்கே தோல் காகிதம் போல மெலிந்திருந்தது. ஒரு தடித்த முடி இல்லை. அடியில் கொழுப்புகூட இல்லை.

அவள் தகட்டோடு டாக்டரம்மாவின் மேசைக்குப் போனாள்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம்."

"அடுத்தது ரெடியா?"

"ஆயிட்டிருக்கு. அந்தக் கன்னத்துல நீல மை பக்கம் பாருங்களேன். தாடி முடியா இருக்கு. இமைக்குக் கீழ தாடி முளைக்குமா?"

"ஆம்பளை முகத்துல முடி இல்லாம என்னம்மா இருக்கும்?"

"அப்ப கறுப்புப் பக்கம் ஏன் ஒண்ணுகூட இல்ல? தோலும் அங்கதானே மெல்லிசா இருக்கு? எனக்கென்னமோ துண்டே தலைகீழா வந்திருக்குன்னு தோணுது."

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. இரண்டு பேர் வேலையை இரண்டு வருடமாகத் தனியாகச் செய்கிறவர். கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "அவங்க நூலைக் கட்டி மேலன்னு எழுதி அனுப்பினா, நமக்கு அது மேலதான். முடியை எண்ணி ரிப்போர்ட்டை மாத்தணும்னு ஒரு டெக்னீஷியன் சொன்னாங்கன்னு நான் பெரியவர்கிட்ட சொன்னா, என்ன கேப்பார் தெரியுமா? 'அங்க யாரும்மா டாக்டர்?'ன்னு கேப்பார். வேணும்னா நீயே போன் போட்டுக் கேளு. அஞ்சு நிமிஷம்தான். துண்டு வந்த மூணு டப்பா காத்திட்டு இருக்கு."

போன் போட்டாள். பிஸி. மறுபடி போட்டாள். மறுபடியும் பிஸி. தையல் போடும்போது மணி அடித்தால் பெரியவருக்குக் கோபம் வரும் என்பதால் ரிசீவரை எடுத்து ஓரமாக வைத்துவிடுவது மேல்மாடி அரங்கில் வழக்கம். ஆறாவது தடவையும் அதே கீ கீ சத்தம். அவள் கையுறையைக் கழற்றி எறிந்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் எதையாவது எறிந்தது அன்றுதான்.

"நான் மேல போய்ட்டு வந்துடறேன்."

"இப்பவா? டப்பாவை யார் பாக்கறது?" என்று டாக்டரம்மா கேட்டது முதுகில்தான் விழுந்தது.

லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அந்த அட்டைக்கு மட்டும் பழுதே வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படியேறினாள். மூன்று மாடி. முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு பேச்சுப் பேசியது. மேலே போனால் அரங்கின் வெளிக்கதவில் காவலர் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சீட்டு?"

"சீட்டெல்லாம் இல்லண்ணே. லேப்ல இருந்து வரேன். அவசரம்."

"லேப்புக்கு இங்கேருந்து டப்பா போகும். லேப்ல இருந்து போன் வரும். ஆள் வந்து நான் பாத்ததே இல்லையே!"

"இப்பப் பாத்துக்குங்க. ஒரு ஆளோட கண்ணுண்ணே. தடுக்காதீங்க."

அவர் அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்தார். அடையாள அட்டையைப் பார்த்தார். நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினார். உள்ளே போகச் செருப்பு மாற்ற வேண்டும். அலமாரியில் மிச்சமிருந்தவை இரண்டும் இடது கால் செருப்பு. வலது கால்களையெல்லாம் யார்தான் தூக்கிப் போனார்களோ! இரண்டையும் மாட்டிக்கொண்டு வாத்துபோல நடந்தாள்.

அரங்கின் சிஸ்டர் இடுப்பில் கைவைத்து எதிரே நின்றாள். "அடேங்கப்பா! கத்தி அக்கா மேல எழுந்தருளியிருக்கீங்க! என்ன, இந்தத் தடவையும் மூடி சரியில்லையா? லேபிள் கோணலா ஒட்டிட்டோமா?"

போன வாரம் லேபிள் இல்லாமல் வந்த டப்பாவைக் கத்தி அக்கா திருப்பி அனுப்பியிருந்தாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"திட்டறதை அப்பறம் உக்காந்து கேட்டுக்கறேன் சிஸ்டர். காலையில கன்னத்துல வெட்டினாங்களே, அந்த ஐயாவுக்கு இமையை எடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. பெரியவர் கை கழுவறார். எதுக்குக் கேக்கறீங்க?"

"துண்டு திரும்பி வந்திருக்கோன்னு சந்தேகம். எந்தப் பக்கம் நூல் கட்டினாங்கன்னு வெட்டினவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். ஒரே வார்த்தை."

சிஸ்டரின் முகத்திலிருந்து கேலி இறங்கியது. திரும்பிப் பார்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து நீட்டினாள். "முதல்ல இதைக் குடிங்க. பேச்சே வரல. வெட்டின சின்ன டாக்டர் அந்த ரூம்லதான் இருக்கார்."

சின்ன அறை. நாற்காலியில் நில அளவையாளர். கன்னத்தின் கட்டைப் பிரித்து, பள்ளத்தின் மேல் ஈரத்துணி வைத்திருந்தார்கள். சின்ன டாக்டர் குனிந்து, கீழ் இமையில், ரோமங்களுக்கு அடியிலேயே, ஊதாப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வெட்ட வேண்டிய கோடு. 

"எவ்வளவு நேரந்தான் தம்பி?" என்று அளவையாளர் அலுத்துக்கொண்டிருந்தார். "ஒரு மணி நேரத்துல அனுப்பிடுவோம்னீங்க. இவ்வளவு நேரத்துல நான் நாலு ஏக்கர் அளந்து கல்லும் நட்டிருப்பேன்."

"டாக்டர்," என்றாள் கத்தி அக்கா. "நான் லேப்ல இருந்து வரேன். காலையில நீள நூலை எந்தப் பக்கம் கட்டினீங்க?"

சின்ன டாக்டருக்கு இது வேலையில் முதல் வருடம். முந்தின இரவும் அவருக்குப் பணி. கண் சிவந்து, கன்னம் ஒட்டியிருந்தது. "எப்பவும் கட்டற பக்கம்தான் அக்கா. நெற்றிப் பக்கம். ஏன்?"

"நிச்சயமா?"

"என்னக்கா இது, நூல் கட்டத் தெரியாமலா இங்க நிக்கறேன்?"

"அப்படி இல்ல டாக்டர். நூல் இருந்த விளிம்புல தாடி முடி வேர் இருக்கு. எதிர்ப்பக்கம்தான் இமைத் தோல் மாதிரி இருக்கு. அதான் கேக்க வந்தேன்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அதற்குள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, ஈரக் கைகளை உயர்த்திப் பிடித்தபடி பெரியவர் வந்துவிட்டார்.

"கோடு போட்டாச்சா? யாரும்மா நீங்க?"

கத்தி அக்கா மறுபடி முதலிலிருந்து சொன்னாள். பாதி சொல்வதற்குள் அவர் தலையை ஆட்டினார். "உங்க டாக்டர் ரிப்போர்ட் கொடுத்துட்டாங்க. மேல் விளிம்பு. அவங்க மாத்திச் சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது, துக்கத்தால் அல்ல, எரிச்சலால். எதிரே இருப்பவர் பெரிய படிப்புப் படித்தவர், ஆயிரம் முகங்களைத் தைத்துக் கொடுத்தவர். அவரிடம் ஒரு முடியை வைத்துக்கொண்டு என்னவென்று வாதாடுவது? 'ஆண்டவனே, என் வாய்க்கு ஒரு வார்த்தை கொடு' என்று வேண்டிக்கொண்டாள். இரண்டு இடது செருப்பில் நின்றபடி, "ஒரே ஒரு தடவை கேட்டுடுங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

"என்ன கேக்கணும்? நூல் கட்டறதுல என்ன தப்பு வரும்?"

"என்னங்க, தம்பியையா திட்டறீங்க?" அளவையாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். விஷயம் முழுதாகப் புரியாவிட்டாலும் குரல் உயர்ந்தது புரிந்துவிட்டது. "தங்கமான பிள்ளை சார் இது. காலையில என் கழுத்துத் திரும்பலை. எலும்பு தேஞ்சு கிடக்கு. இந்தப் பக்கம் திரும்புங்கன்னார், உசிரே போச்சு. அதைப் பாத்துட்டு, 'நீங்க அசையாதீங்க ஐயா, நானே மாறி உக்காந்துக்கறேன்'னு ஸ்டூலைத் தூக்கிட்டு என் தலைமாட்டுக்குப் போய்ட்டார். எந்த டாக்டர் செய்வார் இதை? என் சொந்தப் பிள்ளை செய்ய மாட்டான்."



சின்ன டாக்டர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். என்றைக்கும் நோயாளியின் தோளருகே உட்கார்ந்து வெட்டுகிற கை அது. அங்கிருந்து பார்த்தால் தனக்கு எட்டத்தில் இருப்பது நெற்றி. நூலை எட்டத்து விளிம்பில் கட்டிப் பழகிய கை, அன்றும் எட்டத்து விளிம்பில்தான் கட்டியது. ஆனால் தலைமாட்டில் உட்கார்ந்தவனுக்கு எட்டத்தில் இருப்பது நெற்றியா? தாடை அல்லவா!

நல்ல காரியம் ஒன்று செய்யப் போய் இப்படி ஆயிற்றே என்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அங்கே யாராலும் நிரூபித்திருக்க முடியாது. நூலும் இல்லை, துண்டும் முழுசாக இல்லை. அவர் பெரியவரின் பக்கம் திரும்பினார்.

"சார், அக்கா சொல்றது சரி. நான் நூலைத் தாடைப் பக்கம் கட்டிட்டேன். பழக்கத்துல கை போயிடுச்சு. தப்பு என்னோடதுதான்."

பெரியவரின் முகம் சிவந்தது. இரண்டு வார்த்தை வாய் நுனி வரை வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். நோயாளி எதிரே இருந்ததாலோ, அல்லது அவருக்கும் ஒரு காலத்தில் முதல் வருடம் என்று ஒன்று இருந்ததாலோ, அதை விழுங்கிவிட்டார்.

"அந்தக் கோட்டை அழி," என்றார்.

சிஸ்டர் ஏற்கெனவே ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சோடு நின்றிருந்தாள். கண்ணுக்குள் போகாமல், பூவைத் துடைப்பதுபோல, இமைக் கோட்டைத் துடைத்து எடுத்தாள்.

அரை மணி நேரத்தில் இரண்டாவது துண்டு கீழே வந்தது. கன்னத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து எடுத்தது. இந்தத் தடவை நூலோடு ஒரு தாளும் இருந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் போட்ட ஒரு முகப்படம், குழந்தை வரைந்ததுபோல. துண்டு எடுத்த இடத்தில் ஒரு வட்டம். கத்தி அக்கா சீவிக் கொடுத்தாள். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கு," என்றார் கடைசியில். "நோய் இங்கதான் இருந்திருக்கு. இப்ப விளிம்பு சுத்தம்." கண்ணை எடுக்காமலே, "தாடி முடியும் இருக்கு," என்று சேர்த்துக்கொண்டார்.

அதற்குமேல் அதைப் பற்றிப் பேச நேரமில்லை. கத்தி அக்கா மேலே போன நேரத்தில் இன்னொரு அரங்கின் டப்பா காத்துக் கிடந்திருக்கிறது. அங்கே மயக்கத்தில் ஒருவரைப் படுக்க வைத்துக்கொண்டு காத்திருந்த டாக்டர் கண்காணிப்பாளர் வரைக்கும் புகார் சொல்லிவிட்டார். மதியம் தாள் வந்துவிட்டது. பணி நேரத்தில் அனுமதியின்றி இடத்தைவிட்டுப் போனதற்கு எழுத்துப்பூர்வமான விளக்கம் வேண்டும், இன்று மாலைக்குள்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றார் டாக்டரம்மா. "அஞ்சு நிமிஷம்னு சொன்னேன், நீ இருபது நிமிஷம் போயிருக்கே. அந்த டாக்டர் கோவிச்சதுலயும் நியாயம் இருக்கில்ல?"

இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. காத்துக்கிடந்தவரும் யாரோ ஒருவருடைய அப்பா, அல்லது அம்மா. கத்தி அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள், மூடினாள். பசி போய்விட்டது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினாள். அதற்குமேல் ஓடவில்லை. சின்ன டாக்டரின் பெயரை எழுதினால் அவன் பிழைப்பில் கறை. எழுதாவிட்டால், முடி வேர் பார்த்து மாடியேறிய பைத்தியக்காரி என்பார்கள். நல்லது செய்ய வழி காட்டுகிற ஆண்டவன் விளக்கக் கடிதம் எழுதவும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தால் என்ன?

மூன்று மணிக்குச் சாயப் புட்டி வாங்க வெளியே வந்தபோது, வாசல் பக்கம் சக்கர நாற்காலி வந்துகொண்டிருந்தது. தள்ளி வந்தவர் சின்ன டாக்டர். தள்ளுவதற்கு ஆள் கிடைக்கவில்லை போலும். நில அளவையாளரின் கன்னம் முழுக்க வெள்ளைக் கட்டு. காதுப் பக்கத்துத் தோலை நகர்த்திவந்து பள்ளத்தை மூடியிருந்தார்கள். பின்னால் அவர் மனைவி மருந்துப் பையோடு நடந்து வந்தார்.

அளவையாளர் கத்தி அக்காவைப் பார்த்ததும் நாற்காலியின் கையைத் தட்டினார். "நிறுத்துங்க தம்பி. இந்தம்மாதான். பதினோரு மணிக்கு முடிய வேண்டியதை இவங்க வந்து நியாயம் பேசி, மூணு மணியாக்கிட்டாங்க."

"ஏங்க, பேசாம வாங்க. தையல் விட்டுடப் போகுது," என்றார் மனைவி.

"விடட்டும். ஏம்மா, உனக்கென்ன? இவ்வளவு நேரம் உக்காந்திருந்த கழுத்து வலி எங்களுக்குத்தானே!"

அவர் முறைத்தார். வலது கண்ணால் முறைத்தார், இடது கண்ணாலும் முறைத்தார். இடது கண்ணின் கீழ் இமை கொஞ்சம் வீங்கி, ஊதா மை முழுக்கப் போகாமல், ஆனால் தன் இடத்தில்தான் இருந்தது. அவர் கோபத்தில் கண்ணைச் சிமிட்டியபோது அது மேலேறி மேல் இமையைத் தொட்டுவிட்டு இறங்கியது. கத்தி அக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு ஒன்றும் காதில் ஏறவில்லை.

"ஐயா," என்றார் சின்ன டாக்டர். நாற்காலியின் முன்பக்கம் வந்து மண்டியிட்டார். "அக்காவைத் திட்டாதீங்க. லேட்டானதுக்கு நான்தான் காரணம். காலையில நான் அடையாளத்தைத் தலைகீழா வெச்சுட்டேன். இவங்க வரலைன்னா உங்க இமையை எடுத்திருப்போம். எடுக்க வேண்டாத இமை. நோய் கன்னத்துக் கீழ்ப்பக்கத்துல அப்படியே இருந்திருக்கும்."

அளவையாளரின் வாய் திறந்தது. அவர் விரல் தானாகக் கண்ணை நோக்கிப் போனது. மனைவி அதைப் பிடித்து இறக்கினார்.

"தலைகீழாவா?" என்றார் மெல்ல. எல்லைக்கல்லை மாற்றி நட்டால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "என் கழுத்துக்காகத்தானே தம்பி மாறி உக்காந்தீங்க?"

"அதுக்காகத் தப்பு தப்பில்லாம போயிடுமா ஐயா?"

அளவையாளர் கத்தி அக்காவிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு திட்டிவிட்டு உடனே எப்படிச் சொல்வது? சங்கடமாக இருமினார். அவர் மனைவிதான் பையைக் கைமாற்றி, கத்தி அக்காவின் மணிக்கட்டை ஒரு கணம் இறுக்கிப் பிடித்துவிட்டு நடந்தார்.

நாற்காலி வாசலைத் தாண்டும்வரை சின்ன டாக்டர் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "அக்கா, விளக்கம் கேட்டிருக்காங்களாமே? சிஸ்டர் சொன்னாங்க," என்றார்.

"எழுதிட்டு இருக்கேன்."

"என் பேரைப் போட்டு எழுதுங்க. இல்லன்னா தாளைக் கொடுங்க, நானே எழுதறேன்."

கத்தி அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சாப்பிட்டிருக்க மாட்டான் என்று முகமே சொன்னது.

"முதல்ல வாங்க. சாப்பாடு அப்படியே இருக்கு. ஆளுக்குப் பாதி சாப்பிட்டுட்டு, ரெண்டு பேருமா உக்காந்து எழுதுவோம்," என்றாள்.